பெற்றோர் எழுதும் பத்திரத்தில் அவர்களுக்கும் ஒரு வரி வேண்டும்

நம் ஊரில் எழுதப்படும் செட்டில்மெண்ட் பத்திரங்கள் பலவற்றில் ஒரே மாதிரியான வாசகம் ஒன்று இருக்கும். இன்று முதல் இந்தச் சொத்தை நீயே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இதை எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை. எழுதிக் கொடுப்பவர் எழுபதைத் தாண்டிய அப்பாவாகவோ அம்மாவாகவோ இருப்பார். எழுதிக் கொடுக்கும் சொத்து, அன்று இரவு அவர் போய்ப் படுக்க வேண்டிய வீடாகவே இருக்கும். அந்த வீட்டில் கடைசிவரை அவர் இருக்கலாம் என்றோ, சாப்பாடும் மருந்தும் யார் பொறுப்பு என்றோ ஒரு வரிகூட அந்தப் பத்திரத்தில் இருக்காது.

இந்த நிலை மாற வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர் தன் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும் எந்தப் பத்திரத்திலும், ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் பராமரிப்பு நிபந்தனையும் கேட்காமலேயே இடம்பெற வேண்டும். எனக்கு அது வேண்டாம் என்பவர், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது சார்பதிவாளரிடம் தன் வாயால் அதைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் பதிவுத்துறை இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

எழுதிக் கொடுக்கும் பெற்றோர் விவரம் தெரியாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நாம் கண்ணை மூடிய பிறகு அண்ணன் தம்பிக்குள் வழக்கு வம்பு வேண்டாம், இருக்கும்போதே பிரித்துக் கொடுத்துவிடலாம் என்ற நல்லெண்ணம்தான் பலரை அந்த அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறது. செலவும் ஒரு காரணம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு விழுக்காடு, பதிவுக் கட்டணம் ஒரு விழுக்காடு. 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட பிறகும் தீர்வைக்கு 40,000 ரூபாயும் கட்டணத்துக்கு 10,000 ரூபாயும்தான் உச்சவரம்பு. கோடி ரூபாய் பெறும் வீடும் அந்தச் செலவில் கைமாறிவிடும். பதிவு முடிந்ததும் பட்டா மாறும், மகன் பெயரில் வங்கிக் கடன் கிடைக்கும், மாடி எடுக்கலாம்.

உயிலில் இந்த வசதிகள் இல்லை. அதற்கு முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவுகூடக் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பெற்றவருக்கு எது பாதுகாப்போ அதுவே பிள்ளைக்குச் சந்தேகமாகிவிடுகிறது. உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்ற பயமும் சேர்ந்துகொள்ள, பேச்சு செட்டில்மெண்டில் போய் முடிகிறது.

சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு காலைப் பொழுது நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். பாட்டியை ஆட்டோவில் இருந்து கைத்தாங்கலாக இறக்கி பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். பத்திரம் எதிர்க்கடையில் பத்திர எழுத்தரிடம் முதல்நாளே தயாராகிவிட்டது. டோக்கன் எண் வந்ததும் உள்ளே அழைத்துப் போகிறார்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன விரலில் ரேகை பதியவில்லை. துணியால் துடைத்து, "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க பாட்டி" என்கிறார் அலுவலர். கேமராவைப் பார்க்கச் சொல்கிறார். பிறகு அந்த ஒரே கேள்வி: "உங்க சம்மதத்தோடதானே எழுதிக் குடுக்கிறீங்க?" பின்னால் இருந்து மகன், "ஆமான்னு சொல்லும்மா" என்கிறார். அவரும் சொல்லிவிடுகிறார். அடுத்த டோக்கன் அழைக்கப்படுகிறது. சார்பதிவாளர் மீது இதில் குறை இல்லை. எழுதிக் கொடுப்பவர் இவர்தானா, கையெழுத்து இவருடையதா என்பதைப் பார்ப்பதுதான் சட்டம் அவருக்குக் கொடுத்துள்ள வேலை. இந்தப் பத்திரத்துக்குப் பிறகு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்கும்படி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நாடாளுமன்றம் இந்த ஆபத்தை உணராமல் இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 23ஆம் பிரிவு, சொத்தை வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ எழுதப்பட்டதாகவே கருதப்படும் என்கிறது. தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம். ஆனால் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்து கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற சொற்களும் அதே பிரிவில் இருக்கின்றன. பத்திர எழுத்தரின் கணினியில் உள்ள பழைய மாதிரியில் அந்த நிபந்தனை கிடையாது. முதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நீதிமன்றங்களும் ஒரே குரலில் பேசவில்லை. 2022 டிசம்பரில், ஹரியானாவிலிருந்து வந்த சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, நிபந்தனை இருந்ததை நிரூபிக்காமல் 23ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றது. அன்பின் பேரில் கொடுப்பதாலேயே நிபந்தனை இருந்ததாகிவிடாது என்பது அதன் நிலைப்பாடு. 2025 ஜனவரி 2 அன்று, மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஊர்மிளா தீட்சித் வழக்கில் இன்னோர் இரு நீதிபதிகள் அமர்வு, இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, வீட்டைத் தாயிடம் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது. அங்கே மகன் கவனித்துக்கொள்வதாகத் தனியாக ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. அதே ஆண்டு மார்ச்சில், நாகப்பட்டினம் வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. அன்பும் பாசமும்தான் பத்திரத்துக்குக் காரணம் என்றால், கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தனியே எழுத வேண்டியதில்லை என்றது.

நாகப்பட்டினம் தீர்ப்பை மனமார வரவேற்கிறோம். அதற்காக, எழுதாத நிபந்தனையை நம்பி எந்தத் தாயும் கையெழுத்துப் போடக் கூடாது. உச்ச நீதிமன்றத்தின் இரண்டு சம அமர்வுகள் இரண்டு விதமாகப் பேசியிருக்கும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தனக்குச் சாதகமான தீர்ப்பைத்தான் எடுத்து வைப்பார். கிராமத்துப் பெரியவர் தன் பேத்தி வயதுள்ள வக்கீலிடம் இந்த வேறுபாட்டைக் கேட்டுப் புரிந்துகொள்வதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

தீர்ப்பாயத்தின் கதையும் வேறல்ல. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.தான் தீர்ப்பாயத்தின் தலைவர், மேல்முறையீடு கலெக்டரிடம். பராமரிப்பு மனுவை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் இன்னும் 30 நாள் என்கிறது சட்டம். தேர்தல், வெள்ளம், நில எடுப்பு, சட்டம் ஒழுங்கு என்று அத்தனையும் அந்த ஒரே மேசைக்குத்தான் வருகின்றன. மாதப் பராமரிப்புத் தொகைக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு 10,000 ரூபாய். 2007இல் அது பெரிய தொகை. இன்று படுத்த படுக்கையாக உள்ள ஒருவரைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு ஓர் ஆள் வைத்தால் அந்தப் பணம் அவர் சம்பளத்துக்கே காணாது. 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா அந்த உச்சவரம்பை நீக்கவும், பராமரிக்க வேண்டியவர் பட்டியலில் மருமகன், மருமகளைச் சேர்க்கவும் முன்வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது, அந்த மக்களவையோடு காலாவதியானது. ஒன்றிய அரசு அதை மீண்டும் கொண்டுவர வேண்டும்; 23ஆம் பிரிவின் நிபந்தனைச் சொற்களையும் அப்போதே திருத்த வேண்டும்.

அதுவரை மாநிலம் கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. சொத்து மாற்றமும் பத்திரப் பதிவும் பொதுப் பட்டியலில் உள்ளவை. பதிவுத்துறைத் தலைவர் ஒரு மாதிரிப் பத்திரத்தை வெளியிடலாம். எழுதிக் கொடுப்பவர் ஆயுள் உள்ளவரை அனுபவ உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார், பெறுபவர் உணவும் மருத்துவமும் தர வேண்டும், தவறினால் தீர்ப்பாயம் வழியாகப் பத்திரம் ரத்தாகும் என்று மூன்று வாக்கியங்கள் போதும். நிபந்தனை பத்திரத்திலேயே இருப்பதில் இன்னொரு பலன் உண்டு. நாளை மகன் அந்த வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ போனால், வாங்குபவரின் வக்கீலும் வங்கியின் வக்கீலும் அதைப் படித்தாக வேண்டும். எனக்குத் தெரியாது என்று அவர்கள் பிறகு சொல்ல முடியாது. வாய்மொழி வாக்குறுதி எந்த வில்லங்கச் சான்றோடும் கூட வராது.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் முதலாவது, நிபந்தனை உள்ள பத்திரத்துக்கு வங்கி கடன் தராது என்பது. தர வேண்டாம் என்பதே நம் பதில். பெற்றோர் குடியிருக்கும் வீட்டின் மேல் கடன் வாங்க வேண்டுமானால் அவர்களும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். தன் சொத்தைத் தன் இஷ்டப்படி கொடுக்க ஒருவருக்கு உரிமை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. வேண்டாம் என்று தனியறையில் சொல்லும் வாய்ப்பு அதற்காகத்தான்.

கவனமாகக் கேட்க வேண்டிய மறுப்பு வேறொன்று. உடன்பிறந்தவர்கள் ஊரை விட்டுப் போய்விட, ஒருவரே கூட இருந்து கழிவு எடுத்து, இரவெல்லாம் விழித்துப் பார்த்துக்கொள்வார். பல வீடுகளில் அது மகள். இன்னும் பல வீடுகளில் மருமகள். பத்து வருடம் கழித்து வெளிநாட்டில் இருந்து வந்த அண்ணன் தூண்டிவிட, அப்பா பத்திரத்தை ரத்து செய்யப் போனால் கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் கதி என்ன? இந்தப் பயம் நியாயமானது. பத்திரத்தில் பொறுப்பு தெளிவாக எழுதப்பட்டிருந்தால் அதை நிறைவேற்றியதற்கான சான்றும் அவர் கையில் இருக்கும்; மருத்துவமனை ரசீதுகளும் அக்கம்பக்கத்தார் சாட்சியும் அவர் பக்கம் பேசும். ரத்து தீர்ப்பாயத்தின் வழியாக மட்டுமே நடக்கும் என்பதால் கோபத்தில் ஒரே நாளில் அவரை வெளியேற்ற முடியாது. மருமகளின் வசிப்பிட உரிமையை மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டித் தள்ளிவிட முடியாது, அந்த உரிமையைத் தரும் சட்டத்தையும் இதையும் இணைத்தே பார்க்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் எஸ். வனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் ஆர்.டி.ஓ.க்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

கணவனை இழந்த தாய்மார்களின் நிலை இதைவிட மோசம். வீடு அப்பா பெயரில் இருக்கும், உயில் இருக்காது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு ஒரு பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்கு. மூன்று பிள்ளைகள் என்றால், நாற்பது வருடம் அந்த வீட்டைக் கட்டிக் காத்தவருக்குக் கிடைப்பது கால் பங்கு. கிறிஸ்தவ விதவைக்குப் பிள்ளைகள் இருந்தால் மூன்றில் ஒன்று. முஸ்லிம் விதவைக்கு எட்டில் ஒன்று. காரியம் முடிந்த சில மாதங்களில் அந்தச் சிறு பங்கையும் விட்டுத்தரச் சொல்லி விடுதலைப் பத்திரம் நீட்டப்படும். நாம் கேட்கும் நிபந்தனை விடுதலைப் பத்திரத்துக்கும் பொருந்த வேண்டும். கணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: உடம்பில் தெம்பு இருக்கும்போதே, முதலில் மனைவிக்கு, அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு என்று உயில் எழுதி வையுங்கள்.

தெம்பு என்றால் நினைவும் சேர்த்துத்தான். அப்பா கொடுத்த பவர் பத்திரம் இருக்கிறதே என்று பல பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவரும் முடிந்துவிடுகிறது. மறதி நோய் முற்றி, பணம் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அந்தக் காகிதம் செல்லாமல் போகிறது. அப்போது குடும்பம் உயர் நீதிமன்றத்தில் பாதுகாவலர் நியமனம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. தன் பிற்காலச் சொத்து, பண முடிவுகளை யார் எடுக்க வேண்டும் என்று நினைவு தெளிவாக இருக்கும்போதே ஒருவர் எழுதி வைக்கவும், அது நினைவு போன பிறகும் செல்லவும் வழிசெய்யும் சட்டம் நமக்கு இல்லை. அதுவும் வர வேண்டும்.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். அந்த விகிதம் தொடர்ந்து ஏறி வருகிறது. பதிவுத்துறை வரும் மாதங்களிலேயே மாதிரிப் பத்திரத்தை வெளியிட்டு, பத்திர எழுத்தர்கள் அனைவருக்கும் அனுப்ப வேண்டும். ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் முதியவரிடம் தனியாகப் பேச ஓர் அறை ஒதுக்கி, அவர் சொன்ன பதிலை அவர் மொழியிலேயே பத்திரத்தோடு பதிவு செய்ய வேண்டும். 23ஆம் பிரிவின் கீழ் ஒவ்வொரு கோட்டத்திலும் எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை 90 நாளைத் தாண்டி நிற்கின்றன என்பதை மாதந்தோறும் மாவட்ட இணையதளத்தில் கலெக்டர்கள் வெளியிட வேண்டும்.