சாவி வந்துவிட்டது, உறுதி வரவில்லை

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்பக்க பல்கனிக்கு நேரெதிரே, 2019 தொடக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்துத் தகரவேலி அடித்தார்கள். பத்து மாடிகளில் தொடர்மாடி வரப்போவதாகப் பதாகை சொன்னது. பயத்தில்தான் அதைப் பார்க்கத் தொடங்கினேன். 2017 மே 18ஆம் திகதி சார்லிமன்ட் வீதியில் கட்டுமானத்திலிருந்த கட்டடம் இடிந்து விழுந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்துவிடவில்லை. அத்திவாரத்துக்குத் தூண் இறக்கியபோது எங்கள் குசினிச் சுவரில் ஒரு வெடிப்பு விழுந்தது. வீட்டுக்காரர் அதன் நுனியில் பென்சிலால் திகதி எழுதிவைத்தார். வெடிப்பு அதற்குமேல் நீளவில்லை. நான் பார்ப்பது மட்டும் தொடர்ந்தது.

அதே கட்டடத்தில் வீடு 'புக்' பண்ணிய ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. நான் அன்ரி என்று கூப்பிடுபவர். யாழ்ப்பாணத்தில் இருந்த இரண்டு பரப்புக் காணியை விற்று முற்பணம் கட்டினார். மிச்சத்தை ரொறன்ரோவிலிருக்கும் மகன் தவணை முறையில் அனுப்புவதாக ஏற்பாடு. விலை ஒரு கோடியே எண்பது இலட்சம். இரண்டரை வருடத்தில் வீடு என்றார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வேலை நின்றது. பிறகு மெல்ல ஏறி, 2021 கடைசியில் ஆறாவது தளத்துக்குக் கொன்கிறீட் போட்டார்கள். அதற்குமேல் கம்பிகள் மட்டும் வானத்தைப் பார்த்து நின்றன. 2022 முழுக்க அவை துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்திருக்கிறேன்.

என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். மார்ச் தொடக்கத்தில் 203 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ஆனது. 2021இல் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய 50 கிலோ சீமெந்துப் பை, அடுத்த வருடம் மூவாயிரத்தைத் தாண்டியது. ஏப்ரலில் மத்திய வங்கி தனது கடன் வசதி வீதத்தை ஒரேயடியாக 7.5இலிருந்து 14.5 ஆக்கியது. கட்டட வேலை தெரிந்தவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். அந்த ஒரு வருடத்தில் வேலைக்காக வெளிநாடு சென்றவர்கள் மூன்று இலட்சத்துக்கும் அதிகம். எதிர்த் தளத்தில் கம்பி கட்டிய ஹற்றன் பக்கத்துப் பையன் ஒருவன், "மிஸ், நான் கட்டாருக்குப் போறேன்" என்று வேலிக்கு அப்பாலிருந்து சொல்லிவிட்டுப் போனான்.

ஆனால் அந்த நெருக்கடி எல்லோரையும் ஒரே மாதிரித் தாக்கவில்லை. ஓகஸ்டில், வீடு வாங்கிய எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. மூலப்பொருள் விலை ஏறியதால் மேலதிகப் பணம் கட்டவேண்டும் என்றது. அன்ரிக்கு ஐம்பத்தைந்து இலட்சம். ஒப்பந்தத்தை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். பதினொராம் பக்கத்தில், நொத்தாரிசு வாசித்துக் காட்டியதாக அவருக்கு ஞாபகமே இல்லாத ஒரு வாசகம் இருந்தது: விலை ஏறினால் வாங்குபவர் பொறுப்பு. வேலை தாமதித்தால் விற்பவர் என்ன தரவேண்டும் என்று தேடினேன். அப்படி ஒரு வாசகம் இல்லை.

அன்ரி தப்பினார். மகனின் டொலர் இப்போது கூடுதல் ரூபாயாக மாறியதால், கூட்டிய விலைகூட அங்கிருந்து பார்க்கும்போது பெரிதாக ஏறவில்லை. அதே தளத்தில் 'புக்' பண்ணிய ஒரு தனியார் நிறுவனக் கணக்காளருக்கு ரூபாய்ச் சம்பளம், மாறும் வட்டியில் வங்கிக் கடன். தவணை இரண்டு மடங்கானதும் விலகினார். கட்டிய பணம் ஏழு மாதத்தின் பின் வட்டியில்லாமல், அதே ரூபாய்க் கணக்கில் திரும்பி வந்தது. 2019இன் ரூபாயைக் கொடுத்து 2023இன் ரூபாயை வாங்கினார் என்பதுதான் அதன் அர்த்தம். அவர் விட்ட வீடு வெளிநாட்டிலிருந்த ஒருவருக்கு மறுபடி விற்பனையானது. கொழும்பில் வேலை செய்பவரை வெளியே தள்ளி, கொழும்பில் இல்லாதவரை உள்ளே எடுத்தது கட்டடம்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடு வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 வீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்தக் கட்டடத்துக்கு மட்டுமே எடுக்கவேண்டும். அன்ரியின் பணம் எந்தக் கணக்கில் கிடந்தது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. தொடர்மாடி உடைமை பற்றிய எங்கள் அடிப்படைச் சட்டம் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். கட்டி முடிந்த கட்டடத்தை எப்படிப் பிரித்து உரித்தாக்குவது என்பதில்தான் அதன் கவனம். கிடங்கு தோண்டுவதற்கும் உறுதி எழுதுவதற்கும் இடையில் ஐந்தாறு வருடம் ஓடிவிடுகிறது. அந்தக் காலத்தில் வாங்குபவரின் கையில் இருப்பது ஒரு ஒப்பந்தமும் பற்றுச்சீட்டுகளும்தான். என்னைக் கேட்டால், சதுர அடி விலையைப் பேசுவதற்கு முன் பேசவேண்டியது அந்தப் பதினொராம் பக்கத்தைத்தான்.

2023 கடைசியில் மறுபடி வேலை தொடங்கியது. துருவைத் தேய்த்து ஏதோ பூசினார்கள். அது போதுமா என்று சொல்ல நான் எந்திரி அல்ல. கடந்த தைப்பொங்கலுக்கு அன்ரி ஐந்தாம் மாடியில் பால் காய்ச்சினார். லிப்ட் இரண்டில் ஒன்று ஓடியது. தண்ணீர் இருந்தது. சமையலறை மேடைக்குக் காட்டிய கல் ஒன்று, போட்ட கல் வேறொன்று.

"உறுதி எப்ப தருவினமாம் அன்ரி?"

"சி.ஓ.சி. எடுக்கவேணுமாம் பிள்ளை. அதுக்குப் பிறகு பிளான் பதியவேணுமாம். எனக்கு எழுபத்திமூண்டு வயசு, அதையும் கணக்கில எடுக்கச் சொன்னனான்."

இப்போது இரவில் பல்கனிக்கு வந்தால் எதிரே நாற்பது வீடுகள். நேற்று எண்ணினேன், ஒன்பதில் வெளிச்சம் இருந்தது. எங்கள் வாடகையைச் சித்திரையிலிருந்து கூட்டப்போவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். எதிர்க் கட்டடத்தால் இந்த ஒழுங்கையின் பெறுமதி ஏறிவிட்டதாம்.