தவறு யாருடையது?

"விடுதி மாடியிலிருந்து தவறி விழுந்து சாவு." நாளேட்டின் மூலையில் நான்கு வரிச் செய்தி. படிப்பவர் உச்சுக் கொட்டுகிறார், பக்கத்தைப் புரட்டுகிறார். 'தவறி' விழுந்தாராம்! தவறு யாருடையது என்று நாம் கேட்கிறோம்.

கீழ்க்கட்டளைத் தெருக்களில் நடந்து பாருங்கள், தோழர்களே! சின்ன வீடோ பெரிய வீடோ, சன்னலுக்குக் கம்பி உண்டு. உள்ளே இருப்பது ஒரு பீரோவும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும்தான்; ஆயினும் திருடனுக்கு அஞ்சி, கடன்பட்டேனும் கம்பி போட்டுவிடுகிறான் ஏழை. அங்கிருந்து பல்லாவரம் - துரைப்பாக்கம் இருநூறடிச் சாலைக்கு வந்து அண்ணாந்து பாருங்கள். நாள் வாடகைக்கு அறை விடும் கட்டடங்களில் பளபளக்கும் கண்ணாடிச் சன்னலைக் காண்பீர்கள். கம்பியைத் தேடத்தான் வேண்டும். கம்பி போட்டால் அழகு கெடுமாம். மெட்ரோ தூண்களையும் லாரிகளையும் பார்ப்பதற்கு இத்தனை அழகு வேண்டுமா?

அறையில் இடம் போதாதென்று கட்டிலைச் சன்னலோரம் தள்ளிப் போடுகிறார்கள். கட்டில் குழந்தைக்கு ஏணி. ஏறி நின்று கொசுவலையில் சாய்கிறது பிஞ்சு. கொசுவைத் தடுக்கப் பிறந்த வலை குழந்தையின் பாரத்தைத் தாங்குமா? உடனே எல்லா விரல்களும் தாயை நோக்கித்தான் நீளும். 2024 ஏப்ரலில் திருமுல்லைவாயிலில் அடுக்குமாடி வீட்டிலிருந்து நழுவித் தகரக் கூரையில் தங்கிய கைக்குழந்தையை, அக்கம்பக்கத்தார் உயிரைப் பணயம் வைத்து மீட்டனர். மீட்டவர்களைப் பாராட்டிய அதே ஊர், பெற்றவளைத் தூற்றியது. கட்டடத்தைப் பற்றிக் கேட்டவர் எத்தனை பேர்?

நியூயார்க் நகரம் வேறுவிதமாகக் கேட்டது. சன்னல் வழியே குழந்தைகள் விழுந்து மடிவதைக் கண்ட அந்நகரச் சுகாதாரத் துறை, 1970களின் தொடக்கத்தில் ஏழைக் குடும்பங்களுக்குக் கம்பித் தடுப்புகளை இலவசமாகவே கொடுத்தது. பிராங்க்ஸ் பகுதியில் 1973க்கும் 1975க்கும் இடையே விழுந்தோர் தொகை பாதியாகக் குறைந்தது. 1976இல் விதி வந்தது: பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை குடியிருக்கும் அடுக்ககத்தில் தடுப்பு போட வேண்டியவர் கட்டடச் சொந்தக்காரர். பிள்ளை பெற்றவள் அல்ல, வாடகை வாங்குகிறவர்!

"அப்படியானால் சன்னலை அடைத்தே விடுகிறோம்" என்று கிளம்புவார் சிலர். அவர்கள் கொல்கத்தாவை நினைக்கட்டும். 2025 ஏப்ரல் 29 இரவு, அந்நகரின் புர்ராபசார் பகுதி விடுதியில் தீப்பிடித்து 14 பேர் மாண்டனர். அவர்களுள் மூவர் நம் கரூர் மாவட்டத்தார். அம்மூவரில் இருவர் குழந்தைகள். சன்னல்கள் அடைபட்டிருந்ததால் புகை வெளியேற வழியில்லாமல் போயிற்று என்றது விசாரணை. தப்பிக்க மேலிருந்து குதித்தவரும் பிழைக்கவில்லை. விழவும் விடாத, வேகவும் விடாத சன்னல்தான் வேண்டும்.

அது வானத்து நட்சத்திரம் அன்று. சன்னல் ஒரு சாண் அளவுகூடத் திறவாதபடி ஒரு தடுப்புக் கொக்கி. ஆபத்தில் விடுவிக்க ஒரு சாவி. அல்லது உள்ளிருந்து திறக்கும் கதவு வைத்த கம்பி. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் எழும் கட்டடங்களில், மாடிப் படுக்கையறைச் சன்னல் 125 மில்லிமீட்டருக்கு மேல் திறவாதிருக்க வேண்டும் என்பது விதி. விடுதி அறையும் அதில் அடக்கம். கொக்கியின் செலவு ஓர் இரவு வாடகைக்குள் முடிந்துவிடும்.

இன்னொருவரையும் மறந்துவிடக் கூடாது. அந்தக் கண்ணாடியைத் துடைப்பவர் யார்? ஒரு கையில் துணி, மறு கையில் சட்டம், கால் சன்னல் விளிம்பில் — நம் தொழிலாளி! "சீக்கிரம், அடுத்த ஆள் வந்துவிட்டார்" என்று கீழிருந்து ஒரு குரல். சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்கள் அடுத்தடுத்து விழுந்து மாண்ட பிறகு, 2012 ஜூனில் அரசு உத்தரவிட்டது: கம்பி பொருத்திப் பூட்டியிருந்தாலன்றி, வேலை கொடுத்தவர் தரப்பில் ஒருவர் உடனிருந்தாலன்றி, மாடிச் சன்னலின் வெளிப்புறத்தைத் துடைக்கச் சொல்லக் கூடாது. இடுப்புவாரும் கயிறும் தராமல் விளிம்பில் ஏறச் சொல்வது வேலை ஏவுவதா, கொலைக்கு ஏவுவதா?

2021இல் பல்லாவரம் நகராட்சியோடு கீழ்க்கட்டளையும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. வரி கேட்க வீடு வீடாக ஆள் வருகிறார். விடுதிக்கு உரிமம் புதுப்பிக்கும் நாளில் ஒரே ஒருவர் மாடியேறி, சன்னலைத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும். அடிக்கோலும் ஐந்து நிமிடமும் போதும்.

அதுவரை தோழர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. அறை பெருக்கும் தொழிலாளியைத் தேநீர்க் கடையில் கேளுங்கள். எந்த மாடியில் எந்தச் சன்னல் ஆடுகிறது என்பது அவருக்குத் தெரியும். அவர் பெயரை விட்டுவிட்டு, சன்னலை மட்டும் எழுதி மண்டல அலுவலகத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.