மார்க் மட்டும் போதுமா?



காலாண்டுத் தேர்வுத் தாள்கள் எல்லாம் கையில் வந்துவிட்டன. பள்ளி முழுக்க ஒரே கேள்விதான், "உனக்கு எவ்வளவு?" எங்கே தப்பு, ஏன் தப்பு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டாலும் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தாளில் சிவப்பு மையில் ஒரு கோடும் ஒரு எண்ணும்தான் இருக்கும். இதைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. பிறகு மத்திய அரசு அதை மாற்றியது. ஆனாலும் தமிழ்நாட்டில் எட்டு வரை எல்லோரும் பாஸ்தான். நல்ல விஷயம். ஆனால் அப்புறம் ஒன்பதாம் வகுப்பு வருகிறது. 'பெயில்' என்ற சொல்லை நாங்கள் முதன்முதலாகப் பார்ப்பது இங்கேதான். 35-க்குக் கீழே போனால் சில வீடுகளில், "படிச்சது போதும், கொழுந்து பறிக்க வா" என்று சொல்லிவிடுவார்கள். பெண் பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம் சொல்வார்கள். அதனால் எங்களுக்கு மார்க் என்பது வெறும் எண் இல்லை. எட்டு வருஷமாக எங்கே தப்பு செய்கிறோம் என்று தெரியாமலே வந்துவிட்டு, ஒன்பதாவது வருஷம் "உனக்கு வராது" என்று தெரிந்துகொண்டால் என்ன செய்வது?

என் தோழி ஒருத்தி கணக்கில் 28 மார்க் வாங்கினாள். தாளைப் பார்த்து அழுதாள். "எனக்குக் கணக்கே வராதுடி" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து அந்தத் தாளை வரி வரியாகப் பார்த்தோம். இயற்கணிதக் கணக்கு நான்கில் ஒரே தப்புதான் திரும்பத் திரும்ப வந்திருந்தது. அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல் குறி இருந்தால், அடைப்பைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் எல்லாக் குறியும் மாற வேண்டும். அவள் முதல் உறுப்பின் குறியை மட்டும் மாற்றியிருக்கிறாள். மற்றபடி வழிமுறை சரி. ஆனால் தாளில் நான்கு கணக்குக்கும் குறுக்கே நான்கு கோடு. வேறு ஒரு வார்த்தை இல்லை. கணக்கே வராதவளுக்கும் கழித்தல் குறியைக் கவனிக்காதவளுக்கும் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா? அந்தத் தாளைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

நம் மஞ்சூரில் பாதி வீட்டில் தேயிலை வேலைதான். கொழுந்தை எடை போடும் இடத்தில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மூட்டையைப் பிரித்துக் கையை விட்டுப் பார்ப்பார்கள். இலை முற்றல், காம்பு நீளம், ஈரம் அதிகம் என்று சொல்லிவிட்டுத்தான் கிலோவைக் கழிப்பார்கள். கழிக்கும்போது அம்மாவுக்குக் கோபம் வரும். ஆனால் ஏன் கழித்தார்கள் என்று தெரியும். மறுநாள் இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறிப்பார். தேயிலைக்கே காரணம் சொல்லிக் கழிக்கும்போது எங்கள் விடைத்தாளுக்கும் காரணம் சொல்லலாமே!

இதை அரசாங்கமும் எப்போதோ யோசித்திருக்கிறது. 2012-13-ல் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. அடுத்த வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கும் வந்தது. அதில் 40 மார்க் வளரறி மதிப்பீட்டுக்கு, 60 மார்க் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு. அந்தப் பெயரைக் கவனியுங்கள். வளர்ந்துகொண்டிருக்கும்போதே அறிந்து சரிசெய்வது வளரறி. எல்லாம் முடிந்த பிறகு மொத்தமாகப் பார்ப்பது தொகுத்தறி. எவ்வளவு நல்ல பெயர்! ஆனால் பல இடங்களில் அந்த 40-ம் சார்ட் ஒட்டி, படம் வெட்டி ஒட்டி வாங்குகிற மார்க்காகவே போய்விட்டது என்று அப்போது படித்த அக்காக்கள் சொல்கிறார்கள். அட்டவணையில் ஏ1, பி2 என்று எழுதினார்கள். பி2-விலிருந்து பி1-க்குப் போக என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை.

1988-ல் இஸ்ரேல் நாட்டில் ரூத் பட்லர் என்பவர் ஓர் ஆராய்ச்சி செய்தார். மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மார்க் மட்டும். ஒரு குழுவுக்குக் குறிப்பு மட்டும். இன்னொரு குழுவுக்கு மார்க்கும் குறிப்பும். குறிப்பு மட்டும் வாங்கியவர்கள்தான் அடுத்த முறை நன்றாகச் செய்தார்கள், ஆர்வமும் குறையவில்லை. மார்க்கும் குறிப்பும் சேர்ந்து வாங்கியவர்கள், மார்க் மட்டும் வாங்கியவர்களைவிடப் பெரிதாக முன்னேறவில்லை. மார்க்கைப் பார்த்தவுடன் கண் அங்கேயே நின்றுவிடும் போலிருக்கிறது. நம் வகுப்பிலும் அதுதானே நடக்கிறது?

அதிலும் தாளை அதிக மார்க்கில் ஆரம்பித்து வரிசையாகப் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கடைசிப் பத்துப் பேருக்கு அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாம் இடம் என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. அங்கேயே நிறுத்திய வரிசை வகுப்பறைக்குள் எதற்கு?

ஆசிரியர்களின் கஷ்டமும் எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒருவருக்கு நான்கு வகுப்பு, வகுப்புக்கு 35 பேர் என்று வைத்துக்கொள்வோம். 140 தாள். ஒரு தாளுக்கு 10 நிமிடம் என்றால் 1400 நிமிடம். 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இதில் பதிவேடு வேலை வேறு. வீட்டுக்குக் கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவதையும் பார்க்கிறோம். அதனால் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லவில்லை. ஒரு தாளுக்கு ஒரு வரி. அரை நிமிடம். மொத்தம் 70 நிமிடம்தான் கூடும். ஒரு டீச்சர் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் ஒளிக்கதிர்ப் படத்துக்குப் பக்கத்தில் "அம்புக்குறி எங்கே?" என்று இரண்டே வார்த்தை எழுதினார். அதற்குப் பிறகு அவள் அம்புக்குறியை விட்டதே இல்லை.

என் வேண்டுகோள்கள் மூன்று.

1. தப்புக்குக் குறியெழுத்து வைக்கலாம். 'கு' என்றால் குறித் தவறு. 'அ' என்றால் அலகு எழுதவில்லை. 'ப' என்றால் படி விட்டுப்போயிற்று. தமிழுக்கு 'ச' என்றால் சந்திப்பிழை. இந்தப் பட்டியலை வகுப்பில் ஒட்டிவிட்டால் எழுதுகிறவருக்கும் சுலபம், படிக்கிறவருக்கும் சுலபம். "முயற்சி தேவை" என்று எழுதினால் எதில் முயற்சி செய்வது என்று தெரிவதில்லை.

2. தப்பான விடையை ஐந்து முறை எழுதச் சொல்வதற்குப் பதிலாக, அதே மாதிரி வேறொரு கேள்வி கொடுத்து ஒரு முறை செய்யச் சொல்லலாம். ஐந்து முறை எழுதும்போது கைதான் வலிக்கிறது. நோட்ஸைப் பார்த்து எழுதுவதில் மூளைக்கு வேலை இல்லை.

3. முழு ஆண்டுத் தேர்வுத் தாளையும் எங்களுக்குக் காட்ட வேண்டும். பாஸா பெயிலா என்று முடிவு செய்கிற தாள் அதுதான். ஆனால் அதைத்தான் நாங்கள் பார்ப்பதே இல்லை. தேர்வு எழுதியவர் தன் திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மனு போட்டுப் பார்க்கும் அளவுக்கு நாங்கள் பெரிய ஆட்கள் இல்லை. பள்ளியிலேயே ஒரு நாள் காட்டினால் போதும்.

மாணவ மாணவிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மார்க்கைப் பார்த்துவிட்டுத் தாளைக் கசக்கிப் பைக்குள் போடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அப்படிச் செய்தால் டீச்சர் எழுதியும் பயன் இல்லை. தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த தேர்வுக்கு முந்தின நாள் பாடப் புத்தகத்துக்கு முன்னால் அந்தத் தாளை எடுத்துப் படியுங்கள். புரியாவிட்டால், "சார், இது ஏன் தப்பு?" என்று போய்க் கேளுங்கள். மார்க் கூட்டிக் கேட்பதுதான் அதிகப்பிரசங்கித்தனம், காரணம் கேட்பது இல்லை.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வருகிறது. ஒரே ஒரு பாடத்தில், ஒரே ஒரு வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம். எங்கள் வகுப்பு தயார்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசுப் பள்ளி, மஞ்சூர்.