டாக்டர் என்றால் கற்பிப்பவர்!

ஃபின்லாந்தில் டாக்டரை 'லேக்கேரி' என்கிறார்கள். ஸ்வீடிஷ் மொழியிலிருந்து போன சொல். 'குணமாக்குபவர்' என்று அர்த்தம். நம் 'மருத்துவர்' என்ற சொல்லில் மருந்து இருக்கிறது. நாம் தினமும் சொல்கிற 'டாக்டர்' லத்தீனில் பிறந்தது. அதற்கு அர்த்தம், 'கற்பிப்பவர்'!

அந்த அர்த்தத்தை நிஜத்தில் பார்க்க வேண்டுமா? நீலகிரியில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கூடலூருக்கு வாருங்கள்.

1987-ல் ஓர் இளம் டாக்டர் தம்பதி இங்கே பழங்குடி கிராமங்களில் வேலையைத் தொடங்கினார்கள். மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. கர்ப்பிணிகளைக் கவனிப்பது, தடுப்பூசியின் அவசியத்தை எடுத்துச் சொல்வது என்று அந்தந்த ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். 1990-ல் 'அஸ்வினி' அமைப்பின் பழங்குடியினர் மருத்துவமனை உருவானது. அதை வளர்த்தெடுத்த டாக்டர்கள் ஷைலாவும் நந்தகுமார் மேனனும் பழங்குடிப் பெண்களையே நர்ஸ்களாக உருவாக்கினார்கள்.

இதனால் என்ன லாபம்? ஆஸ்பத்திரி என்றாலே மிரண்டு ஒதுங்கிய பணியர், காட்டுநாயக்கர் மக்களிடம், "என்னம்மா பண்ணுது?" என்று அவர்கள் பேச்சிலேயே கேட்க, அவர்கள் வீட்டுப் பெண்ணே நின்றாள். பயம் போனால்தானே வைத்தியம் பலிக்கும்?

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு எழுந்துவிடாதீர்கள். "இது ஏன் வந்தது டாக்டர்? திரும்ப வராமல் இருக்க நான் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். கற்பிப்பவரிடம் கேள்வி கேட்பதில் தப்பே இல்லை!