கடல் உங்களுக்குப் பிடிக்குமா மாமா?

பிளஸ் டூ முடித்திருக்கும் என் தம்பிக்குத் திடீரென்று கப்பல் ஆசை வந்துவிட்டது. எல்லாம் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் செய்த வேலை. வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, பின்னால் சூரிய அஸ்தமனம், துள்ளும் டால்பின், கீழே டாலரில் சம்பளம். ``லைஃப் செட்டில்க்கா" என்று தினமும் ஒரு வீடியோ அனுப்புகிறான். அம்மாவோ, ``அந்த வேலை மட்டும் வேண்டாம்" என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

பஞ்சாயத்து கடைசியில் என்னிடம் வந்தது. ``நீதான் ரிப்போர்ட்டராச்சே... மாமாகிட்ட கேட்டுட்டு வா. கப்பல்ல இருக்குறவங்களுக்கு நிஜமாவே கடல் பிடிக்குதா, இல்ல காசுக்காகப் பல்லைக் கடிச்சிட்டு இருக்காங்களா? நான் கேட்டா அண்ணன் சிரிச்சே மழுப்பிடும்" என்றார் அம்மா.

மாமா, அம்மாவின் அண்ணன். தூத்துக்குடியில் இருக்கிறார். ஐ.டி.ஐ முடித்து 1992-ல் சரக்குக் கப்பல் ஏறியவர். 2020-ல் வேலையை விட்டபோது இன்ஜின் ரூமில் ஃபிட்டர். போன வாரம் ஊருக்குப் போனபோது, மக்ரூன் தட்டை எனக்கும் அவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கேட்டேன். ``கடல் பிடிக்குமா மாமா?"

``கடலை நாங்க எங்க பிள்ளே பார்த்தோம்?" என்று சிரித்தார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. ``காலைல எட்டு மணிக்குக் கீழே இறங்குனா, சாயங்காலம்தான் மேல வருவோம். இன்ஜின் ரூம்ல ஜன்னலே கிடையாது. வெயில் நாட்டுப் பக்கம் போனா 45 டிகிரி இருக்கும். சத்தத்துல பேச முடியாது, கையாலதான் பேசிக்கணும். கடல் எப்படி இருக்குன்னு கப்பல் ஆடுறதை வச்சுத்தான் தெரிஞ்சுக்குவோம்."

மேலே டெக்கில் இருப்பவர்கள் கடலைப் பார்க்கிறார்கள். ஆனால் 4 மணி நேர வாட்ச், 8 மணி நேர இடைவெளி, மறுபடி 4 மணி நேரம் என்று நாள் துண்டுதுண்டாகப் போகும். 300 மீட்டர் நீளக் கப்பலில் மொத்தமே 20, 25 பேர்தான். நடுக்கடலில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. 2006-ல் உருவான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு தரச் சொல்கிறது. அதைத் திருப்பிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்... வாரத்தில் 91 மணி நேரம் வேலை வாங்க முடியும்!

``அப்போ பிடிக்காதா?"

``யாரு சொன்னா? ஒரு தடவை இந்தியப் பெருங்கடல்ல மெயின் இன்ஜின் நின்னு போச்சு. இன்ஜின் சத்தம் இல்லாத கப்பலை நீ கேட்டதில்லையே... வயித்தைக் கலக்கும். சிலிண்டர் கவரைத் தூக்கி, பிஸ்டனை வெளியே எடுத்து மாத்தணும். ஆளை விட உசரமான பிஸ்டன். நல்லவேளை, கடல் அமைதியா கிடந்துச்சு. 16 மணி நேரம் நாலு நாட்டுக்காரங்க சேர்ந்து மாத்தினோம். மறுபடி இன்ஜின் ஓடி, அந்த அதிர்வு கால்ல ஏறுச்சு பாரு... சீஃப் இன்ஜினீயரே எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாரு. அன்னைக்கு என்கிட்ட கேட்டிருந்தா, இதுதான் உலகத்துலயே நல்ல வேலைன்னு சொல்லியிருப்பேன்."

வீட்டுக்கு வந்தால் முதல் ஒரு வாரம் அவருக்குத் தூக்கம் வராதாம். கட்டில் அதிராமல் அப்படியே இருக்கிறதே!

மாறியது கரைதான்

மாமா கப்பல் ஏறிய காலத்தில் மூட்டையும் பெட்டியுமாகச் சரக்கு வரும். இறக்கி ஏற்ற ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் சாயங்காலங்களில் ஊர் சுற்றலாம். கன்டெய்னர் கப்பலுக்கு மாறிய பிறகு, ஒரே நாளில் வேலை முடிந்து கப்பல் கிளம்பிவிடும். 2004-ல் துறைமுகப் பாதுகாப்பு விதிகள் உலகம் முழுக்க இறுகின. பல துறைமுகங்களில் வெளியே போவதே பெரும்பாடானது. ``சிங்கப்பூருக்கு நாப்பது தடவை போயிருப்பேன். ஊருக்குள்ள இறங்கினது ஆறேழு தடவைதான்" என்றார் மாமா.

மாலுமிகளின் மகிழ்ச்சியை அளக்கவே ஒரு குறியீடு இருக்கிறது. 'மிஷன் டு சீஃபேரர்ஸ்' என்ற தொண்டு அமைப்பு, 2015-லிருந்து மாலுமிகளிடம் கேள்வி கேட்டு, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வெளியிடுகிறது. வீட்டோடு பேச முடிகிறதா, கரைக்கு இறங்க முடிகிறதா, சாப்பாடு எப்படி, சம்பளம் எப்படி, கூட இருப்பவர்களோடு பழக்கம் எப்படி, வேலை எவ்வளவு... இவைதான் கேள்விகள். அலையைப் பற்றியோ புயலைப் பற்றியோ தனிக் கேள்வி இல்லை. மாமா சொன்னதும் கிட்டத்தட்ட இதே பட்டியல்தான்.

2020-ல் கொரோனா வந்தபோது 9 மாத ஒப்பந்தத்தில் போன மாமா 14 மாதம் கழித்துத்தான் இறங்கினார். அந்த ஆண்டின் இறுதியில் உலகம் முழுக்கச் சுமார் 4 லட்சம் மாலுமிகள் அப்படி ஒப்பந்தம் முடிந்தும் கப்பலிலேயே சிக்கியிருந்தார்கள். ``அந்த அஞ்சு மாசம்தான் கடலே வெறுத்துச்சு. இறங்குற தேதி தெரிஞ்சா எதையும் தாங்கலாம். தேதி தெரியலைன்னா முடியாது."

அம்மா சொல்லாத காரணம்

ஆச்சி இறந்தபோது எனக்கு ஆறு வயது. மூத்த பிள்ளை மாமா இருக்க, சின்ன மாமாதான் கொள்ளி வைத்தார். ``பெரியவன் வரலையே" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி அழுதது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அந்த நேரம் மாமா எங்கே இருந்தார் என்று இதுவரை நான் கேட்டதே இல்லை.

``பசிபிக் நடுவுல. அடுத்த துறைமுகம் 12 நாள். கேப்டன் மேல கூப்பிட்டு சாட்டிலைட் போனைக் கையில கொடுத்தாரு. உங்கம்மா அழுகுற சத்தம்தான் கேட்டுச்சு. வேற ஒண்ணும் பேசலை. மறுநாள் காலைல எட்டு மணிக்குக் கீழே இறங்கிட்டேன். நான் இறங்கலைன்னா என் வேலையையும் சேர்த்து இன்னொருத்தன்ல பார்க்கணும்?"

அதுவரை சும்மா இருந்த அத்தை பேசினார். ``சம்பளம் கப்பல்ல இருக்கும்போதுதான் வரும். வீட்டுல இருக்குற மாசத்துக்குக் கிடையாது. கையில காசு தீர்ந்ததும் திரும்பப் பெட்டி கட்டுவாரு. பிள்ளைங்க ரெண்டும் இவரு வந்தா முதல் ரெண்டு நாள் என் பின்னாடி ஒளிஞ்சுக்கும். பழகி மடியில ஏறுற நேரம் இவரு கிளம்பிடுவாரு. அவருக்குக் கடல் பிடிக்குமான்னு கேக்குறியே... எனக்குப் பிடிக்குமான்னு யாரும் கேக்கலையே யம்மா?"

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

கிளம்பும்போது மாமாவிடம் கடைசியாகக் கேட்டேன். ``இப்பவும் கூப்பிட்டா போவீங்களா?" அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: ``நாலு மாச கான்ட்ராக்ட்னா யோசிக்கலாம் பிள்ளே."

தம்பிக்கு ஒரு கேள்வி

வீட்டுக்கு வந்ததும் தம்பியை மாமாவோடு போனில் பேச வைத்தேன். மாமா பயமுறுத்தவில்லை. கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிறுவனத்தில் மட்டும் சேரு, ஆர்.பி.எஸ்.எல் உரிமம் இல்லாத ஏஜென்ட்டிடம் பத்து பைசா கொடுக்காதே, நிறக்குருடு இருந்தால் டெக் பக்கம் போக முடியாது, அதனால் முதலில் கண் டெஸ்ட் பண்ணு என்று பொறுமையாகச் சொன்னார். இப்போது பல கப்பல்களில் இன்டர்நெட் இருக்கிறது, தினமும் வீட்டுக்குப் பேசலாம் என்றும் சொன்னார். ``ஆனா வேலை முடிஞ்சதும் அவனவன் கேபின்ல போனோட அடைஞ்சிடுறான். முன்னாடி எல்லாரும் ஒண்ணா உக்காந்து சீட்டு விளையாடுவோம்" என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

பிறகு கேட்டார். ``உங்கம்மாவுக்கு உடம்புக்கு முடியலைன்னு சேதி வருது. நீ நடுக்கடல்ல இருக்க. 12 நாள் வேலை பார்த்துக்கிட்டேதான் இருக்கணும். முடியுமாடே?"

தம்பி உடனே பதில் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்று நாளாக ரீல்ஸ் எதுவும் வரவில்லை. நேற்று ராத்திரி மட்டும் ஒரு மெசேஜ்: ``அக்கா, கண் டெஸ்ட்டுக்கு அம்மாவும் கூட வர்றேன்னு சொல்றாங்க."