முதல் ஒரு மணி நேரம் தெருவின் பொறுப்பு

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், மேட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர். பேர் சொல்லும்படியான ஆறு எதுவும் ஊருக்குள் ஓடவில்லை. இருந்தும் 2022 செப்டம்பரில் எமலூரிலும் பெல்லந்தூரிலும் வேலைக்குப் போகிறவர்கள் டிராக்டரில் ஏறிப் போனார்கள். 2024 அக்டோபரில் எலகங்காவின் கேந்திரிய விஹார் குடியிருப்பிலிருந்து ஆட்களைப் படகில் வெளியே கொண்டுவந்தார்கள். 2025 மே மாதம் ஹொரமாவு சாய் லேஅவுட்டில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஒவ்வொரு முறையும் ஏரியை விழுங்கியது யார், ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர் வடிகாலை அடைத்தது யார், மாநகராட்சி என்ன செய்துகொண்டிருந்தது என்று பேச்சு ஒரே தடத்தில் ஓடி ஓய்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் தெருவில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு யாரிடமும் தயாராகப் பதில் இல்லை. காக்ஸ் டவுன் போன்ற நெருக்கமான பழைய குடியிருப்புகள் அடுத்த பெருமழைக்குள் அந்தப் பதிலை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தெருவுக்கு ஒரு சிறு குழு வேண்டும். ஆபத்தான இடத்துக்கு ஆட்கள் போகாமல் தடுப்பதே அதன் தலையாய வேலையாக இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

ஆற்று வெள்ளம் ஓரளவு சொல்லிக்கொண்டு வரும். அணையில் நீர்மட்டம் ஏறும், மதகு திறப்பார்கள், கரையோர மக்களுக்குத் தண்டோராவோ ஒலிபெருக்கியோ எச்சரிக்கை சொல்லும். பெங்களூரின் வெள்ளம் அப்படிப்பட்டதல்ல. மே மாதத்து மாலை இடிமழையோ செப்டம்பர் மாதத்து இரவு மழையோ ஒரு வட்டாரத்தில் கொட்டித் தீர்க்கும். பக்கத்து வட்டாரத்தில் தூறலோடு நிற்கும். ஒரு மணி நேரத்தில் முழங்கால் அளவு ஏறும் தண்ணீர் பல இடங்களில் விடியும்முன் வடிந்தும் போகும். மாநிலத் தீயணைப்புத் துறையின் தலைமையகம் அல்சூர் ஏரி ஓரம் அண்ணாசாமி முதலியார் சாலையில் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் ராணுவப் பொறியாளர் படையின் மையமும் அதே ஏரிக்கரையில்தான். காக்ஸ் டவுன் போல மீட்புப் படைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பேட்டைகள் நகரத்தில் சிலவே. ஆனாலும் ஒரே மாலையில் நூறு இடங்களிலிருந்து அழைப்பு வந்து, சாலைகளும் அடைபட்டுக் கிடந்தால், பக்கத்தில் இருக்கும் படையும் தொலைவில் இருப்பதுபோலத்தான். அவர்கள் வந்து சேரும்வரையிலான நேரம் தெருக்காரர்கள் கையில் இருக்கிறது.

அந்த நேரத்தில் உயிர் எப்படிப் போகிறது என்று பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். 2023 மே 21 அன்று, விதான சௌதாவுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள கே.ஆர். சர்க்கிள் அண்டர்பாஸில், தேங்கிய தண்ணீருக்குள் ஒரு வாடகைக் கார் இறங்கியது. ஊர் பார்க்க வந்த ஒரு குடும்பம் உள்ளே இருந்தது. கார் நடுவில் சிக்கி, தண்ணீர் மேலேறி, 22 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். அங்கே வைத்திருந்த தடுப்பு மழையில் விழுந்துவிட்டதாகவும், ஓட்டுநர் துணிந்து இறக்கிவிட்டதாகவும் முதலமைச்சர் சித்தராமையா அன்று சொன்னார். 2022 செப்டம்பரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் தண்ணீர் நின்ற சாலையில் ஸ்கூட்டரில் சென்ற 23 வயதுப் பெண் நிலைதடுமாறி மின்கம்பத்தைப் பிடித்தார். மின்சாரம் தாக்கி இறந்தார். 2025 மே 19 அன்று பி.டி.எம். லேஅவுட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பேஸ்மென்ட்டில் தேங்கிய நீரை மோட்டார் வைத்து இறைக்க முயன்ற 63 வயதுக்காரரும், அருகில் இருந்த 12 வயதுச் சிறுவனும் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். ஸ்கூட்டரில் போனவருக்கு எந்தக் கம்பத்தில் கசிவு இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. மற்ற இரண்டு இடங்களிலும், விழுந்த தடுப்பின் அருகே டார்ச்சோடு நின்று வண்டியைத் திருப்பி அனுப்ப ஒருவரும், மெயின் சுவிட்சை அணைக்காமல் யாரும் கீழே இறங்கக் கூடாது என்று சொல்ல ஒருவரும் இருந்திருந்தால் போதும்.

தண்ணீரின் பலத்தை நாம் எப்போதும் குறைத்தே எடை போடுகிறோம். ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே நல்ல உடல்வாகு உள்ளவரின் காலை வாரிவிடும். ஓரடி ஆழம் சிறிய காரை மிதக்க வைக்கும். இரண்டடி பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். கலங்கிய நீருக்கு அடியில் மூடி இல்லாத மேன்ஹோலும் மோரியும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தெருக்குழுவின் வேலைப் பட்டியல் சிறியது. பள்ளமான சாலையின் இரு முனைகளிலும் சுவரில் அரை அடி, ஓரடி என்று பெயின்ட்டில் கோடு போட்டு வைப்பது. தண்ணீர் முதல் கோட்டைத் தொட்டதும் தடுப்பை இழுத்துப் போட்டு, அதைவிட்டு நகராமல் இருவர் நிற்பது. பேஸ்மென்ட் உள்ள கட்டடங்களில் லிஃப்டை மேல்தளத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, தண்ணீர் மின்பலகையை எட்டும்முன் மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்வது. மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் 1912 எண்ணுக்குச் சொல்லி மின்சாரம் நின்றது உறுதியாகும்வரை காரை எடுக்கவோ மோட்டார் போடவோ யாரையும் கீழே விடாமல் இருப்பது. பேஸ்மென்ட்டில் யுபிஎஸ் பேட்டரிகள் இருந்தால், மெயின் அணைந்த பிறகும் ஆபத்து மிச்சமிருக்கிறது என்பதையும் குழுவில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும்.

இதற்கு வேண்டிய முக்கியமான செய்தி எந்த அரசு அலுவலகத்திலும் இருக்காது, தெருக்காரர்களுக்குத்தான் தெரியும். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார், எந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்து அறையில் வாட்ச்மேன் குடும்பம் குழந்தைகளோடு தூங்குகிறது, எந்த மின்கம்பத்தைத் தொட்டால் போன வருடம் ஷாக் அடித்தது என்பதெல்லாம் அக்கம்பக்கத்து அறிவு. காக்ஸ் டவுன் பழைய கன்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்தது. தமிழும் கன்னடமும் உருதும் தெலுங்கும் மலையாளமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் கேட்கும். கட்டட வேலைக்கும் வீட்டுக் காவலுக்கும் வந்தவர்களின் இந்தியும் நேபாளியும் இப்போது சேர்ந்திருக்கின்றன. கைபேசிக்கு வரும் ஒரு மொழிக் குறுஞ்செய்தி இவர்களில் பாதிப் பேருக்கு எட்டாது. கோயில் மைக்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் தேவாலய மணியும் எட்டும்.

அக்கம்பக்கம் உயிர் காக்கும் என்பது ஆசைப்பேச்சு அல்ல. 1970-ல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட புயலுக்குப் பிறகு, வங்கதேசம் 1972-ல் கிராமத் தொண்டர்களைக் கொண்ட புயல் தயார்நிலைத் திட்டத்தைத் தொடங்கியது. கொடி ஏற்றுவதும் கைபேசி இல்லாத காலத்தில் கையில் ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போய் எழுப்புவதும்தான் அவர்கள் வேலை. பிந்திய புயல்களில் அந்நாட்டின் சாவு எண்ணிக்கை பல மடங்கு இறங்கியதற்கு அவர்களும் ஒரு காரணம். ஒடிசாவில் 1999 பெரும்புயல் ஏறக்குறைய 10,000 பேரைக் கொண்டுபோனது. 2013 பைலின் புயலில் இறந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு. முன்கூட்டியே மக்களை வெளியேற்றியது அரசு. கதவைத் தட்டியதில் உள்ளூர்க்காரர்களின் பங்கு பெரிது. ஜப்பானின் கோபே நகரில் 1995 நிலநடுக்கத்தில் இடிபாடுகளிலிருந்து உயிரோடு வெளியே எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றியவர்கள் குடும்பத்தாரும் அண்டை வீட்டாருமே.

இப்படிப் பேசினால், மாநகராட்சி தப்பித்துக்கொள்ளும் என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான பயம். மத்திய தணிக்கைத் துறையின் 2021 அறிக்கை, 1800-களின் தொடக்கத்தில் 1,452 ஆக இருந்த நகர நீர்நிலைகள் 2016-ல் 194 ஆகச் சுருங்கியதைச் சொல்கிறது. நீர் தங்க இடமில்லாமல் போன ஊரில் பத்துப் பேர் தடுப்புப் போட்டு வெள்ளத்தை நிறுத்திவிட முடியாது. ஆனால் கால்வாயை மீட்க ஆண்டுகள் ஆகும். அதுவரை பெய்யும் மழைகளுக்கு யார் பொறுப்பு? தவிர, குழு இருந்தால் அரசின் மேல் அழுத்தம் கூடுமே தவிரக் குறையாது. எந்த நாளில் எந்தக் கோடுவரை தண்ணீர் ஏறியது, எத்தனை மணி நேரம் நின்றது, புகார் சொல்லி எத்தனை நாளில் மோரி தூர் வாரப்பட்டது என்று தேதியோடு எழுதி வைத்திருக்கும் தெருவுக்கு, 'உங்கள் பகுதியில் பிரச்சினை இல்லையே' என்று எந்த அதிகாரியும் பதில் சொல்ல முடியாது. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பிறகு, தட்டுவதற்கு ஒரு கார்ப்பரேட்டர் கதவுகூட இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடிய நகரம் இது. 2025 செப்டம்பரில் ஒரே மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. ஐந்தானாலும், தெருவின் கணக்கைத் தெருதான் வைத்திருக்க வேண்டும்.

பயிற்சி இல்லாதவர்களை இறக்கிவிட்டால் அவர்களும் சேர்ந்து சாவார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். குழு தண்ணீரில் இறங்கவே கூடாது என்று சொல்வது அதனால்தான். 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் லாரியில் படகேற்றி வந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்கள் தண்ணீரையே தொழிலாகக் கொண்டவர்கள்; கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவரும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியரும் அதைப் பார்த்துக் குதிக்கக் கூடாது. கரையிலிருந்து கயிறு வீசலாம், அவசர உதவி எண் 112-ஐ அழைக்கலாம், அதோடு நிறுத்த வேண்டும். பயிற்சிக்கும் வழி இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ல் சோதனையாகத் தொடங்கிய 'ஆப்தா மித்ரா' திட்டம் பின்னர் ஒரு லட்சம் தொண்டர்கள் என்ற இலக்கோடு விரிவானது. பொதுமக்கள் பாதுகாப்புச் சட்டம் 1968-லிருந்தே இருக்கிறது. பேரிடர் மேலாண்மை 2009 திருத்தத்தில் அதற்குள் வந்துவிட்டது. புதிதாகச் சட்டம் தேவையில்லை.

சாலையை மறிக்க இவர்களுக்கு என்ன அதிகாரம் என்ற கேள்விதான் உண்மையில் கடினமானது. அவசரத்தில் வரும் ஓட்டுநர் பக்கத்து வீட்டுக்காரரின் கையசைப்பை மதிக்க மாட்டார், தகராறு வரும். இதைத் தெரு தனியாகத் தீர்க்க முடியாது. போக்குவரத்துக் காவல்துறை பள்ளமான இடங்களைப் பட்டியலிட்டு, அங்கங்கே பூட்டிய தடுப்புகளை வைத்து, சாவியைப் பெயர் பதிந்த இரண்டு உள்ளூர்க்காரர்களிடம் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு அடையாள அட்டையும் ஒளிரும் சட்டையும் தர வேண்டும். காவலர் வந்து சேரும்வரை அந்தத் தடுப்பு காவல்துறையின் தடுப்பாகவே கருதப்பட வேண்டும். கர்நாடக இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையத்தின் 'மேக சந்தேஷா' செயலி மழை எங்கே எவ்வளவு பெய்கிறது என்று வட்டாரவாரியாகக் காட்டுகிறது. அந்தத் தகவல் சாவி வைத்திருப்பவருக்கு நேரடியாகப் போய்ச் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

பெங்களூரில் மழை வெள்ளம் புதியதல்ல. அதில் இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. காக்ஸ் டவுன் குடியிருப்போர் சங்கங்கள் கோடை முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, தெருவுக்குப் பத்துப் பேரின் பெயரை எழுதி, சுவரில் கோடு போட்டு, மெயின் சுவிட்சுகள் எங்கே என்று ஒரு முறை நடந்து பார்த்துவிடட்டும். காவல்துறையும் மாநகராட்சியும் தடுப்பையும் சாவியையும் கொடுக்கட்டும். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். அடுத்த மழைக்கு முன் செய்துவிட வேண்டும்.