முதலில் எது வேணும்?



ஆண்டுவிழாவில் நம்ம எலெக்ட்ரிக் கிதார் 'ஙொய்' என்று இரைந்ததும் எல்லோரும் சிரித்ததும் மறந்திருக்காது. வாசித்தது நான்தானுங்க! இப்போது புது பிக்கப் வாங்க ஆளுக்கு இருபது ரூபாய் வசூல் செய்யலாம் என்கிறார்கள். என் கருத்து வேறு.

பொள்ளாச்சியில் மோட்டாருக்குக் காயில் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பிக்கப் அதற்குத் தம்பி. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. மேலே தந்தி அதிர்ந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். 1831-ல் ஃபாரடே கண்டறிந்த அதே தத்துவம். பக்கத்து வயரின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அது சேர்த்துப் பிடிக்கும். அதைப் போக்கத்தான் 1955-ல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் இரட்டைக் காயில் பிக்கப் செய்தார்.

சரி, இரைச்சல் குறையும். ஆனா ஒலி மழுங்கியது ஏன்? பேசுகிற மைக்கைச் சொருகும் இடத்தில் கிதாரைச் சொருகினோம். மைக் செட் அதன் மேல் ஒலியை அமுக்கிவிட்டது. இதே மாதிரி வேறு பிக்கப் போட்டாலும் இதே கதைதான்.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) நான்கு ஜோடித் தந்திகளை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகளோடு மின்சார மாண்டலின் வாசித்தார். கர்நாடக இசைக்கு எது குறை என்று தெரிந்து மாற்றினார்.

நாமும் முதலில் துருப்பிடித்த தந்தியை மாற்றுவோம். ஸ்க்ரூடிரைவரால் பிக்கப் உயரத்தைச் சரிசெய்வோம். வசூல் பணத்தில் சின்னதாக ஒரு கிதார் ஆம்ப்ளிஃபயர் வாங்குவோம். நாளைக்கு வேறு கிதார் வந்தாலும் அது உதவும். பிக்கப் அப்புறம்!

நான் சொல்றது சரிதானுங்களே?

– பதினொன்றாம் வகுப்பு மாணவன்